வலிப்பு நின்ற பிறகு

குயிலாப்பாளையத்தில் மாட்டுப் பொங்கலன்று வீட்டில் ஆள் தங்காது. கொம்புக்கு வண்ணம் அடித்து, பலூன் கட்டி, மாலை போட்ட மாடுகளைப் பார்க்க ஊரே திடலில் நிற்கும். பக்கத்து ஆரோவில்லிலிருந்து வெள்ளைக்காரர்களும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மேளம் காதைப் பிளக்கும். அன்றைக்கும் என் சித்தி வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே கிடக்கும். உள்ளே சித்தி மகன், எனக்குத் தம்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பான். மேளச் சத்தம் கேட்டால் அவனுக்கு 'வந்துவிடும்' என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். மேளம் கேட்டு ஒருநாளும் வந்ததில்லை. அவனுக்கு வந்ததெல்லாம் தூக்கத்தில்.

விடியற்காலையில் வாய் ஒரு பக்கமாகக் கோணும். எச்சில் வழியும். கண் விழித்திருப்பான், அம்மா என்று கூப்பிடப் பார்ப்பான், நாக்கு புரளாது. தொண்டையில் களகளவென்று சத்தம் மட்டும் வரும். சில ராத்திரி அதோடு போய்விடும். சில ராத்திரி கை கால் எல்லாம் இழுக்கும். ஆயா எழுந்து வந்து சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணிப்பாள். கொஞ்ச நேரத்தில் அடங்கும். "பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு" என்பாள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும் என்பது பார்மசி படிக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை எங்கள் வீட்டில் அந்தப் பேரைச் சாவிக்கொத்துதான் வாங்கிக்கொண்டிருந்தது.

படித்து முடித்து அரசு மருந்தாளுநராகச் சேர்ந்தேன். பணிக்காலத்தில் பெரும்பகுதி மரக்காணம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் போனது. டாக்டரிடம் கேட்க வாய் வராத கேள்வியெல்லாம் அந்த ஜன்னலில்தான் வந்து விழும். எப்டாயின், கார்டினால் என்கிற வலிப்பு மாத்திரைகளை வாங்க வருகிற தாய்மார்கள் சீட்டை நீட்டும்போதே கேட்பார்கள்: "பெரியவனானா சரியாயிடுமா சார்?" பெண் பிள்ளை என்றால் கேள்வி கொஞ்சம் மாறும். "வயசுக்கு வந்தா நின்னுடும்னு சொல்றாங்களே, நெஜமா?" பின்னால் வரிசை நிற்கும். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம்.

எந்த வலிப்பு என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. காய்ச்சலில் வருகிற ஜுர வலிப்பு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வரும். நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரக்கூடியது; அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது பின்னால் வலிப்பு நோயாக மாறுவதில்லை. தம்பிக்கு வந்தது வேறு. நரம்பியல் டாக்டர்கள் ரோலாண்டிக் வலிப்பு என்று சொல்லும் வகை. பள்ளிக்கூட வயதில் தொடங்கும். பெரும்பாலும் தூக்கத்தில் வரும். முகத்தின் ஒரு பக்கத்தையும் வாயையும் பிடிக்கும். பதினாறு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் நின்றுவிடும். பல பிள்ளைகளுக்கு மாத்திரைகூடத் தேவைப்படாது.

சித்தி அவனைக் கோரிமேட்டுக்கு, ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி இ.இ.ஜி. எடுத்தார்கள். அங்கே ஒரு டாக்டர், "பதினஞ்சு பதினாறு வயசுக்கு மேல இது இருக்காதும்மா. பள்ளிக்கூடத்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். சித்தி முதல் வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டாவது வழியிலேயே விழுந்துவிட்டது. ஆறாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. முந்திரித் தோப்பில் ஆடு மேய்க்கப் போனான். தோப்புக்குள் தரைக்கிணறு இருக்கிறது என்று கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. கடைசியாக அவனுக்கு இழுத்தது பதினான்கு வயதில். டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. அந்த ஆண்டு அவன் வயதுப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பியை நினைத்தால் எனக்குப் பின்லாந்து நினைவுக்கு வரும். நான் போனதில்லை, படித்ததுதான். துர்க்கு என்கிற ஊரில் மத்தி சில்லன்பா என்ற குழந்தை மருத்துவர் 1964-இல் வலிப்பு நோய் உள்ள 245 குழந்தைகளைக் கணக்கில் எடுத்தார். எடுத்தவர் விடவில்லை. அந்தக் குழந்தைகள் பள்ளி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, சிலர் செத்தும் போன பிறகும் பின்தொடர்ந்துகொண்டே இருந்தார். 1998-இல் அவரும் கூட இருந்தவர்களும் வெளியிட்ட கட்டுரையில், உயிரோடிருந்து கணக்கில் வந்த 176 பேரில் 112 பேருக்குக் கடைசி ஐந்து ஆண்டுகளாவது வலிப்பே வரவில்லை. நூற்றுக்கு 64. அதிலும் 83 பேர் மாத்திரையே சாப்பிடாதவர்கள். ஜன்னலில் கேட்ட கேள்விக்கு நான் பார்த்த நல்ல பதில் இதுதான்: மூன்றில் இருவருக்குச் சரியாகிவிடும்.

அதே கட்டுரையில் இன்னொரு பக்கமும் உண்டு. வேறு எந்த உடல் குறையும் மூளைக் குறையும் இல்லாமல், வலிப்பு மட்டுமே இருந்த பிள்ளைகளை அதே வயதுடைய மற்றவர்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். வலிப்பு இருந்தவர்களில் ஆரம்பக் கல்வியோடு நின்றவர்கள் அதிகம். கல்யாணம் ஆகாதவர்கள் அதிகம். வேலை இல்லாதவர்கள் அதிகம். பின்லாந்தில் பள்ளிக்கூடம் இலவசம், ஆஸ்பத்திரியும் பக்கத்தில். பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்கிறவர்களும் அங்கே கிடையாது. அங்கேயே அப்படி என்றால், குயிலாப்பாளையத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற பையனைப் பற்றி என்ன சொல்வது.

பள்ளிக்கூடம் என்றதும் இன்னொரு முகம் வருகிறது. நான் சின்ன வகுப்பில் இருந்தபோது முன் வரிசையில் உட்காரும் பெண். வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டே வருவாள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு என்று வந்து நின்றுவிடும். கண் ஒரே இடத்தில் குத்திட்டிருக்கும். இமை மட்டும் படபடக்கும். வாத்தியார், "வாய்ப்பாடு சொல்லும்போது என்ன பராக்கு?" என்று பிரம்பை எடுப்பார். அடி விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் அழுவாள். எதற்கு அடி என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு இப்படிப் பல தடவை. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அவளை நான் பள்ளியில் பார்க்கவில்லை. மல்லாட்டை பறிக்கும் கூட்டத்தில் பார்த்தேன்.

அது ஆப்சென்ஸ் வலிப்பாக இருந்திருக்க வேண்டும் என்று பின்னால்தான் விளங்கியது. கை கால் இழுக்காது, நுரை தள்ளாது. அதனால் யாரும் அதை வலிப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. கண்டுபிடிக்கப் பெரிய மிஷின்கூட முதலில் வேண்டாம். குழந்தையை எதிரில் உட்காரவைத்து, மூன்று நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து விடச் சொன்னால், சிகிச்சை தொடங்காத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு டாக்டர் கண்ணெதிரிலேயே வந்துவிடும். சரியான மாத்திரைக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். பலருக்குப் பருவ வயதில் நின்றும் போகும். அதனால் இதை லேசான வலிப்பு என்று நினைத்து வந்தார்கள். கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், சிறுவயதில் ஆப்சென்ஸ் இருந்து வளர்ந்தவர்களை, சிறுவயதில் மூட்டுவாதம் இருந்து வளர்ந்தவர்களோடு வைத்துப் பார்த்தார்கள். 1997-இல் வெளிவந்த அந்த ஆய்வில் படிப்பிலும் வேலையிலும் பழக்கவழக்கத்திலும் அதிகம் தடுமாறியவர்கள் ஆப்சென்ஸ் பிள்ளைகள்தான். மூட்டு வலியோடு வளர்ந்த பிள்ளைக்கு வலி என்று எல்லாருக்கும் தெரியும். இந்தப் பிள்ளைக்கு மக்கு என்ற பெயர்தான் கிடைத்தது.

இனி மாத்திரைக்குக் கட்டுப்படாத ஒரு பிள்ளை, நான் வேலை பார்த்த பக்கத்து உப்பளத்தில். மரக்காணத்தில் மழையும் பனியும் ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கினால் பாத்தி கட்டுவார்கள். வடகிழக்குப் பருவமழை வந்து எல்லாவற்றையும் கரைக்கும்வரை உப்பு வாருகிற வேலை இருக்கும். அங்கே உப்புக்கூடை சுமக்கிற ஒரு அம்மா மாதா மாதம் மருந்துக்கு வருவார். உப்புத் தண்ணீரிலேயே நின்று குதிகால் வெடித்திருக்கும். பிறந்ததும் அழாத பிள்ளை அவர் மகன். கழுத்து நிற்கவே வெகு காலம் ஆனதாம். பேச்சு வரவில்லை. ஒரு நாளில் பல விதமாக வரும்: திடீரென்று தலை முன்னால் விழும், உடம்பு விறைக்கும், நிற்கிறவன் மரம் சாய்வதுபோல் அப்படியே சாய்வான். ஜிப்மரில் எழுதிக் கொடுத்த சீட்டில் மூன்று வகை மாத்திரை. மூன்றையும் தவறாமல் கொடுத்தும் முழுக்க நின்றதில்லை.

மூன்றில் இருவர் என்று சொன்னேனே, மூன்றாவது ஆள் இவன். இவனைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான் முன்னே என்ன என்ற கேள்வி கடினமானது. பின்லாந்துக் குழந்தைகளை நாற்பது ஆண்டு பின்தொடர்ந்த கணக்கு 2010-இல் வந்தது. 245 பேரில் 60 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் வலிப்பு நிற்காதவர்கள், மூளையில் வேறு பாதிப்பும் இருந்தவர்கள். 18 பேர் காரணம் தெரியாமல் திடீரென்று. 6 பேர் நீரில் மூழ்கி. அதைப் படித்தபோது எனக்குக் கழுவெளி ஏரியும், உப்பளத்து வாய்க்காலும், பொம்மையார்பாளையத்துக் கடலும் ஒன்றாகக் கண்ணில் வந்தன. முழங்கால் தண்ணீர் போதும். வலிப்பு இன்னும் கட்டுப்படாத பிள்ளை குளத்திலோ கடலிலோ இறங்கும்போது, கைக்கெட்டும் தூரத்தில் நீந்தத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் கூடாது. விறகடுப்பின் பக்கம் தனியாக உட்காரவைக்கக் கூடாது. இவ்வளவுதான் காவல். வீட்டைப் பூட்டி உள்ளே வைப்பதற்கு இதில் இடமே இல்லை.

அந்த அம்மா பெரியவனானால் சரியாகுமா என்று என்னைக் கேட்டதே இல்லை. அவர் கேட்டது வேறு. "நான் போயிட்டா இவன் வாயில யாரு சார் மாத்திரை போடுவா?" ஒரு தடவை மருந்து வாங்க அவர் மகள் வந்தாள். பையனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். அம்மா பாத்தியில் இருக்கும்போது பனையோலைக் கொட்டகையில் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள்தான். எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டேன். "படிக்கலண்ணா" என்றாள். வலிப்பு வந்தது ஒரு பிள்ளைக்கு. பள்ளியிலிருந்து பெயர் அடிபட்டது இரண்டு பிள்ளைகளுக்கு. இந்த அக்காக்கள் எந்த ஆய்விலும் வலிப்பு நோயாளிகள் பட்டியலில் வரமாட்டார்கள்.

முடியாது என்று இருந்தது முடியும் என்று மாறியதும் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி இந்தியாவில் வலிப்புக்கான முதல் மூளை அறுவை சிகிச்சையைச் செய்தது 1952-இல். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் 1995-இலிருந்து கே. ராதாகிருஷ்ணன் குழுவினர் அதை ஒழுங்கான திட்டமாக நடத்தினார்கள். இரண்டு மூன்று மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு, மூளையில் ஓரிடத்திலிருந்து மட்டும் கிளம்புவதாக இருந்தால், அந்த இடத்தை எடுத்துவிட்டுக் குணமாக வாய்ப்புண்டு. உப்பளத்துப் பையனுக்கு அந்த வழி இல்லை. ஆனால் யாருக்கு இருக்கிறது என்று பார்க்காமலே எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

சி.எம்.சி.யிலேயே நடந்த இன்னொன்று எனக்கு நேராகத் தெரியும், மருந்துச் சீட்டு வழியாக. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், வலிப்போடு வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் மூளையில் சின்னதாக ஒரு புள்ளி தெரியும். காசநோய்க் கட்டி என்று எடுத்துக்கொண்டு மாதக் கணக்கில் டி.பி. மாத்திரை கொடுப்பார்கள். மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் உடனிருந்தவர்களும் அந்தப் புள்ளியை எடுத்துச் சோதித்துப் பார்த்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் சிறு கட்டிகள் என்று 1989-இல் எழுதினார்கள். பன்றி இறைச்சி தொடாத வீட்டுப் பிள்ளைக்கும் வரும்; மனிதக் கழிவிலிருந்து புழுவின் முட்டை கையிலும் கீரையிலும் தண்ணீரிலும் ஒட்டி வாய்க்குள் போனால் போதும். அந்தப் புள்ளி பெரும்பாலும் சில மாதங்களில் தானாகக் கரைகிறது. கரைந்த பிறகு பலருக்கு வலிப்பு மாத்திரையையும் நிறுத்த முடிகிறது. ஒரு கண்டுபிடிப்பு ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் சீட்டிலிருந்து நாலைந்து மாத்திரையை அடித்துவிட்டது. கைகழுவுவதும் கழிப்பறையும் மூளைக்கான வைத்தியம் என்று அதற்குப் பிறகுதான் நானும் சொல்லத் தொடங்கினேன்.

மாத்திரை என்றால் எனக்கு அலமாரிதான் கண்ணில் நிற்கும். கார்டினால் என்று நாம் சொல்லும் பினோபார்பிட்டோனை வலிப்புக்குக் கொடுக்கலாம் என்று ஜெர்மனியில் ஹவுப்ட்மான் 1912-இல் கண்டார். எப்டாயினில் உள்ள பெனிடாயின் 1938-இல் வந்தது. வெகு காலம் பழகிய மருந்துகள், விலையும் மலிவு. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்ட பிறகு மருந்து வருவதும் ஒழுங்குக்கு வந்தது. ஆனாலும் மாத்திரை நின்றுபோவதற்குக் காரணம் நூறு உண்டு. உப்பு வாருகிற சீசனில் ஒரு நாள் கூலியை விட முடியாது. எப்டாயினால் ஈறு தடித்துப் பிள்ளை சிரிக்க வெட்கப்படும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் மருந்து கூடாது என்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், "இப்பத்தான் வரலியே சார்". வராதது மாத்திரையால்தான். இரண்டு ஆண்டு வலிப்பே இல்லாமல் இருந்தால் பல பிள்ளைகளுக்கு டாக்டர்கள் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து ஆபத்தில் முடியலாம்.

பெங்களூர் நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணி கர்நாடகத்து யளந்தூர்க் கிராமங்களில் இந்த இரண்டு பழைய மருந்துகளையே வைத்துக்கொண்டு வேலை செய்தார். ஊரிலேயே ஆட்களைப் பழக்கி, வீடு வீடாகக் கண்டுபிடித்து, அங்கேயே மருந்து கொடுத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி இல்லாமலே வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று 2001-இல் லான்செட்டில் அது வெளிவந்தது. உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது, சரியாகக் கண்டு மருந்து கொடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழை நாடுகளில் நான்கில் மூன்று பேருக்கு அந்த மருந்து போய்ச் சேரவில்லை என்றும் சொல்கிறது.

"வயசுக்கு வந்தா நின்னுடும்" என்பதை நம்பிக் கெட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவளுக்கு வயதுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. காலையில் எழுந்ததும் கை வெட்டி வெட்டி இழுக்கும். டம்ளர் எகிறி விழும். கைப் பதற்றம் என்று அம்மா திட்டுவாள். ஒரு நாள் முழு வலிப்பு வந்தது. மயோக்ளோனிக் வலிப்பில் பருவ வயதில் வருகிற வகை இது. மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும், நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். தூக்கம் கெட்டால் வரும். கல்யாணம் பேசும்போது வீட்டில் மறைத்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாளிலிருந்து மாத்திரை இல்லை, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடிகாலை முகூர்த்தம். அதற்கு மேல் நடந்ததை நான் எழுத வேண்டாம். வலிப்பு அன்றைக்கு வந்ததற்குக் காரணம் நோய் பாதி, மறைத்தது பாதி.

மறைத்தவர்களை மட்டும் திட்டவும் மனம் வரவில்லை. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில், திரும்பத் திரும்பப் பைத்தியமோ வலிப்போ வருகிறவருக்குத் திருமணத் தகுதி இல்லை என்ற வரி பின்னால் சேர்ந்து வெகு காலம் இருந்தது. நோயைச் சொன்னால் சட்டமே கல்யாணத்தைத் தடுக்கும். 1999-இல் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து அந்த வரியிலிருந்து வலிப்பை எடுத்தது. பிள்ளைப்பேறு பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. கேரளத்தில் 1998-லிருந்து வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பார்த்து வருகிறார்கள். பெரும்பாலோருக்கு நல்லபடியாகவே பிரசவம் ஆகிறது. வால்புரோயேட் போன்ற சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கக்கூடியவை. அதனால் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் போக வேண்டும், ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும். மாமியாருக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் மாத்திரையை ஒளித்து வைக்கிற பெண்ணால் இதில் எதைச் செய்ய முடியும்?

தம்பிக்கும் கல்யாணம் தாமதமாகத்தான் ஆனது. கூடிவந்த இடங்கள் தட்டிப்போயின. "சின்ன வயசுல அவனுக்கு இழுக்குமே" என்று யாராவது ஒருவர் பெண் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். பதினான்கு வயதில் நின்றது என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. இப்போது அவன் ஆரோவில் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறான். மரம் வளர்ப்பதில் கெட்டிக்காரன். சின்ன வயதில் வேன் ஓட்ட வேண்டும் என்று ஆசை இருந்தது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல், வலிப்பு அல்லது திடீர் மயக்கம் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. நோய் இருக்கிறவரைப் பற்றி அந்தக் கேள்வி நியாயமானது. அவனுக்கு அப்போது நோயே இல்லை. ஒரு டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கலாம் வா என்று நான் கூப்பிட்டேன். "வேணாம்ணா, எதுக்கு வம்பு" என்றுவிட்டான். யாரும் அவனை மறுக்கவில்லை. அவனே போகவில்லை.

அவனிடம் ஒரு தடவை கேட்டேன், அந்த நாட்களில் எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று. ராத்திரி வாய் கோணியதைச் சொல்வான் என்று நினைத்தேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லண்ணா. கதவைச் சாத்திட்டு எல்லாரும் போவாங்களே, அதுதான்" என்றான்.

ஆகவே, இப்போது யாராவது ஜன்னலில் வந்து பெரியவனானால் சரியாகுமா என்று கேட்டால் நான் சொல்வது இது. முதலில் எந்த வகை வலிப்பு என்று டாக்டரிடம் கேட்டு, அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வயது வரை மாத்திரை, எப்போது நிறுத்திப் பார்ப்பது, எப்போது மறுபடி ஸ்கேன், இரண்டு மருந்துக்கும் அடங்காவிட்டால் எங்கே போவது என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம், கையில் இரும்பும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதானால் மாத்திரை டப்பாவை மெல்லப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துப் பழக்குங்கள். பெயரும் அளவும் அவனுக்குத் தெரிய வேண்டும். அவனைப் பார்த்துக்கொள்ள அக்காவின் படிப்பை நிறுத்தாதீர்கள்.

நவம்பர் 17 இந்தியாவில் வலிப்பு நோய் நாள். அன்றைக்கு ஊர்வலமும் பேனரும் இருக்கும், இருக்கட்டும். ஆசிரியர்களுக்கு நான் சொல்வதற்கு ஜூன் மாதம்தான் முக்கியம். பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்து, போன ஆண்டு இருந்து இந்த ஆண்டு வராத பெயர்களைப் பாருங்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். "அவனுக்கு ஃபிட்ஸ் வருது சார், அதான் அனுப்பல" என்று ஒரு வீட்டிலாவது சொல்வார்கள். அந்தப் பிள்ளையை மறுநாளே வகுப்பில் உட்காரவையுங்கள். வலிப்பு பெரும்பாலும் ஒரு நாள் நின்றுவிடும். அன்றைக்கு அவன் எத்தனாவது வகுப்பில் இருக்கிறான் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.